சிவப்பு முள்

அந்தப் புள்ளி இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

கட்டம் போட்ட தாளில் அறுபத்து மூன்று புள்ளிகள். கீழ்க்கோட்டில் ஆளின் எடை. பக்கக்கோட்டில் அவன் கைப்பிடியின் பலம். இரண்டும் கிலோவில். எல்லாரும் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். புள்ளிகள் இடமிருந்து வலமாக மெல்ல ஏறின, எறும்புச் சாரி மேடேறுவதுபோல. உடம்பு கனக்கக் கனக்கப் பிடியும் இறுகும். தொண்ணூறு கிலோ தாண்டினால் ஏற்றம் நின்றுவிடும். தொந்தி முஷ்டிக்கு உதவாது. அவள் எதிர்பார்த்ததும் இதைத்தான்.

ஒரே ஒரு புள்ளி சாரியை விட்டு இடதுபக்கம் மேலே தனியாக நின்றது. எடை நாற்பத்தெட்டு. பிடி ஐம்பத்து நாலு.

ஈர்க்குச்சி.

தானிய ஆலையில் அவன் சொந்தப் பெயர் சம்பளத் தாளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கும் அப்படித்தான். வாசலை ஒட்டிய உடல்நல அறையில் வாரம் இரண்டு நாள் உட்காரும் பிசியோதெரபிஸ்ட். கிரிப் மீட்டரை நீட்டி எல்லாரையும் அழுத்தச் சொல்லி முள்ளைப் பார்ப்பதால் முள்ளக்கா ஆகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்தப் புள்ளியைப் பார்த்து முதலில் சிரிப்புத்தான் வந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று போன வாரம் அவனிடமே சொல்லியிருந்தாள். அவனோ தாளில் அவள் எழுதிய எண்ணைத் தலைகீழாக எட்டிப் பார்த்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வெளியே போனான். உள்ளே வந்தபோது சுருட்டாத கை.

ஆலை டாக்டருக்குக் காட்ட அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போடலாம் என்று பென்சிலை எடுத்தாள். சரிபார்க்கப் பதிவேட்டைப் புரட்டினாள். ஈர்க்குச்சிக்கு முந்தின வரி அவளுடைய தம்பி. ஆலையில் அவன் பெயர் மூட்டை. எடை நூற்றிரண்டு. பிடி ஐம்பத்து நாலு.

பென்சில் தாளைத் தொடாமல் நின்றது.

மீட்டரில் இரண்டு முள். அழுத்தும்போது கறுப்பு முள் ஏறும், விட்டால் இறங்கிவிடும். ஏறும்போது அது சிவப்பு முள்ளையும் தள்ளிக்கொண்டு போகும். சிவப்பு இறங்காது. எட்டிய உயரத்தில் அப்படியே நிற்கும், மேலே இருக்கும் குமிழைத் திருகிச் சைபருக்குக் கொண்டுவரும் வரை. ஒரு கைக்கு மூன்று முறை அழுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் திருக வேண்டும், தனித்தனியாக எழுத வேண்டும் என்றுதான் படித்திருந்தாள். அறுபத்து மூன்று பேர், இரண்டே நாள். அவள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். மூன்று முறையும் சேர்த்து அழுத்தச் சொல்வாள். மூன்றில் பெரியதைச் சிவப்பு பிடித்து வைத்திருக்கும். ஆளுக்கு ஒரு திருகல் போதும்.

திருக மறக்காதவரை அதில் தப்பில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலையைத் தேடினாள். தம்பி நாக்கைத் துருத்திக்கொண்டு அழுத்தினான். "வீட்டுல பாட்டில் மூடி திறக்க என்னைத்தானே கூப்பிடுவ? இனிமே விண்ணப்பம் எழுதிக் குடு, பரிசீலிக்கிறேன்." அவன் பிடரியில் ஒன்று வைத்தாள். வரிசை சிரித்தது. அவன் எழுந்தான். ஈர்க்குச்சி உட்கார்ந்தான். சின்னக் கை. கைப்பிடி விரலுக்கு எட்டும்படி அதை ஒரு காடி உள்ளே தள்ளிப் பொருத்தினாள். அது நன்றாக நினைவிருந்தது. முழங்கையை மடக்கி வைத்தாள். மணிக்கட்டை நேராக்கினாள். "அழுத்து" என்றாள்.

தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தாள். அவை எங்கெங்கோ போயின. குமிழுக்கு மட்டும் போகவில்லை.

எழுந்து தண்ணீர் குடித்தாள்.

இல்லை, ஒன்றும் ஆகாது. பதறுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

ஆலையில் தானியத் தொட்டிகளைக் குதிர் என்றே சொல்வார்கள். பெயர்தான் குதிர். ஒவ்வொன்றும் பத்து மாடி உயரக் கான்கிரீட் குழாய். ஈரப்பட்ட தானியம் உள்சுவரில் பாறையாக ஒட்டிக்கொள்ளும். ஓர் ஆள் பலகையில் உட்கார்ந்து கயிற்றில் இறங்கிச் சுரண்ட வேண்டும். மேலே ஓர் ஆள் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு இரும்புக் கம்பத்தை இரண்டு சுற்றுச் சுற்றி அவன் கைக்கு வரும். பாரத்தில் கம்பம் தின்றது போக மிச்சம் கைக்கு. தொங்குகிறவன் எடையில் பாதியாவது பிடிக்கிறவன் கையில் இருக்க வேண்டும் என்று மேலே சுவரில் பெயின்ட்டால் எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் இந்த அளவெல்லாம்.

ஒல்லி தொங்குவான், குண்டன் பிடிப்பான். இன்றுவரை அதுதான் வழக்கம். இரண்டு வருஷமாக ஈர்க்குச்சி தொங்குகிறான், மூட்டை பிடிக்கிறான். பிடிக்காதவனுடைய பிடி எவ்வளவாக இருந்தால் என்ன? அடுத்த வாரம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு மறுபடி அளந்து, ரப்பரால் அழித்துவிட்டால் தீர்ந்தது. காதும் காதும் வைத்த மாதிரி.

வாட்ச்மேன் கதவில் தலையை நீட்டினார்.

"ஏம்மா முள்ளக்கா, வேடிக்கை பாக்க வரலையா?"

"என்ன வேடிக்கை?"

"யானை ஊஞ்சலாடுது. மூணாம் குதிர்ல இன்னைக்கு உள்ள இறங்கினது உங்க தம்பி. மேல பிடிக்கிறது யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஈர்க்குச்சி!" என்றார். "அம்பத்து நாலு பிடிக்காரன் எதுக்குத் தொங்கணும்னு கேட்டானாம். நியாயம்தானே? சூப்பர்வைசர் சுவத்தைப் பாத்தாரு, நீங்க குடுத்த லிஸ்ட்டைப் பாத்தாரு, சரின்னுட்டாரு. உங்க தம்பிக்குச் சிரிப்புத் தாங்கலை. நான் இறங்கினா குதிரே நிறைஞ்சிடும்னான்."

"எப்போ இறங்கினான்?"

"அரை மணி இருக்கும். ஏன், முகமெல்லாம் வெளிறிப்போச்சு?"

அவள் கை அதற்குள் மேசை ஃபோனில் இருந்தது. குதிர்களின் மேல் யாரும் செல்ஃபோன் கொண்டுபோகக் கூடாது. தானியத் தூசியில் ஒரு பொறி போதும். ஒவ்வொரு குதிருக்கும் ஒரு கம்பி ஃபோன் உண்டு. மூன்றாம் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. இரண்டு. மூன்று.

அந்த ஃபோன் எங்கே இருக்கிறது?

கம்பத்துக்குப் பக்கத்தில், சுவரில். பிடிக்கிறவனுக்கு எட்டும் தூரம். எடுக்க ஒரு கை வேண்டும்.

ஃபோனை வைத்தாள். மேலே இந்நேரம் ஒரு கை கயிற்றை விட்டிருக்குமா? மூன்றாம் குதிரின் பக்கமாகக் காதைக் கொடுத்தாள். ஆலையின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

ஓடினாள்.

லிஃப்ட் மேலே நின்றிருந்தது. பொத்தானை மூன்று முறை குத்திவிட்டு இரும்புப் படிக்கட்டுக்குத் திரும்பினாள். நூற்று எண்பது படி. நூற்றிரண்டில் பாதி ஐம்பத்தொன்று. நாற்பத்தெட்டு கிலோ ஆளுக்கு உண்மையில் எவ்வளவு இருக்கும்? யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் கையால் போட்ட படமே சொன்னது. அந்த எடையில் நின்ற மற்றப் புள்ளிகள் எல்லாம் இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது. ஒன்றுகூட அதற்கு மேல் இல்லை. ஒன்றுகூட.

குதிருக்குள் முக்கால் அளவு காலி. அடியில் தானியம். பார்க்கத் தரை மாதிரி இருக்கும். மேல்பக்கம் ஓடு கட்டியிருக்கும், கீழே வெறும் பொந்து. கால் வைத்தால் ஓடு உடையும், ஆள் உள்ளே போவான், மேலே தானியம் மூடிக்கொள்ளும். போன வருஷம் ஈர்க்குச்சிக்கு மார்பு வரை வந்தது. அன்றைக்குக் கயிற்றைப் பிடித்திருந்தவன் மூட்டை. அன்றிலிருந்து ஈர்க்குச்சி ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் கழிப்பறைக்கு ஓடுவான் என்று தம்பி வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

தொண்ணூறாம் படி. மூச்சு முட்டியது. தம்பி பிறந்த அன்றைக்கு அவளுக்கு மூன்று வயது. தொட்டுப் பார்க்க நீட்டிய விரலை அவன் பிடித்துக்கொண்டான். விடுவிக்க அம்மா வர வேண்டியிருந்தது. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? நினைக்காதே. ஏறு.

மேல்தளத்துக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

வட்டமான துளை. அதன் விளிம்பில் இரும்புக் கம்பம். ஈர்க்குச்சி தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் இரும்புச் சட்டத்தில் உதைத்திருந்தான். கயிற்றின் வாலைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முழங்கை இரண்டும் படபடவென்று ஆடின. ஃபோன் எடுக்கப்படாமல் சுவரில் இருந்தது.

சூப்பர்வைசர் இல்லை. அடுத்த குதிரிலிருந்து அவர் யாரையோ திட்டுவது கேட்டது.

கயிற்றில் மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஒரு கோடு கம்பத்தை ஒட்டி நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. இன்னொரு விரற்கடை.

வாய்வரை வந்த கத்தலை விழுங்கினாள். கத்தினால் அவன் திரும்புவான். திரும்பினால் போயிற்று. பின்னாலிருந்து தொடவும் கூடாது. சுவரோரமாக நடந்து அவன் கண்ணில் படும்படி வந்தாள்.

"ஈர்க்குச்சி. நான்தான். திரும்பாத."

அவன் கண் மட்டும் அசைந்தது. முகத்தில் வியர்வையும் தூசியும் சேர்ந்து மாவாக இருந்தது.

"அக்கா, இங்கல்லாம் நீங்க..."

"பேசாத. பிடி."

அவனை ஒட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கைக்கும் தொடைக்கும் நடுவில் கயிற்றைப் பற்றினாள். கையுறை இல்லை. பாரம் வந்ததும் உள்ளங்கை எரிந்தது. பாதத்தை அவன் பாதத்துக்குப் பக்கத்தில் உதைத்தாள்.

வெள்ளைக் கோடு நின்றது.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்று தினமும் காலையில் அவள் தன் கையைத்தான் அளப்பாள். முப்பத்தொன்று. இவன் கையில் இருபத்தெட்டு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஐம்பத்தொன்பது. போதும். புதுக் கைக்குப் போதும். இவன் கை அரை மணி நேரமாகத் தேய்ந்த கை. இப்போது அதில் எவ்வளவு? இருபதா? பத்தா? வெறும் தோலா?

இன்னொரு சுற்றுப் போட்டால் கயிறு தானாக நின்றுவிடும். சுற்ற மூன்றாவது ஆள் வேண்டும்.

"சூப்பர்வைசர் சார்!" என்று கத்தினாள். "மூணாம் குதிருக்கு வாங்க! உடனே வாங்க!"

துளையின் ஆழத்திலிருந்து ஒரு குரல் சுவரில் முட்டி முட்டி மேலே வந்தது.

"யாரு, அக்காவா? என்னக்கா, டிஃபன் பாக்ஸை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேனா?"

"அசையாம உக்காருடா."

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை."

"ஒண்ணும் ஆகலைன்னா எதுக்குக் கத்துற? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற மாதிரியில்ல இருக்கு."

"உன் எடையைக் குறைக்கச் சொல்ல வந்தேன். வாயை மூடு. ஆடாத."

கீழே சிரிப்பு கேட்டது. சிரிப்பில் பலகை ஆடியது. ஆட்டம் கயிற்றில் ஏறி வந்து அவள் கையைத் தாண்டித் தோளில் இறங்கியது. வெள்ளைக் கோடு அரை விரல் நகர்ந்தது. ஈர்க்குச்சியின் தொண்டையிலிருந்து நாய்க்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"விட்டுடாதே."

"விடலைக்கா."

"நானும் விடலை."

"அக்கா, கை எங்க இருக்குன்னே தெரியலை."

"இருக்கு. நான் பாக்குறேன். இருக்கு."

அவளுக்கும் தெரியவில்லை. விரல்கள் மூடியிருக்கின்றனவா திறந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூடித்தான் இருந்தன. இடுக்கில் சிவப்பாக என்னவோ கசிந்தது.

கீழே சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு தம்பியின் குரல் வந்தது. அதில் விளையாட்டு இல்லை.

"அக்கா, காலுக்குக் கீழ தானியம் கிட்ட வந்துடுச்சு. நான் இறக்கச் சொல்லலையே."

"தெரியும். காலைத் தூக்கி மடக்கிக்கோ."

"அக்கா."

"இருக்கேன்டா."

கதவு இடித்துத் திறந்தது. "ஏம்மா, கயிறு பிடிக்கிற எடத்துல உனக்கென்ன வேலை?" என்று தொடங்கிய சூப்பர்வைசர், இரண்டு பேரின் கையையும் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்கவில்லை. பாய்ந்து வந்து வாலை இழுத்துக் கம்பத்தில் மூன்றாவது சுற்றுப் போட்டார். நாலாவது போட்டார். கொக்கியில் முடிச்சிட்டார்.

"விடுங்க" என்றார்.

இருவரும் விடவில்லை.

"விடுங்கம்மா. நின்னாச்சு."

அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

நாலு பேர் வந்து மூட்டையை இழுத்தார்கள். தலைமுதல் கால்வரை தூசி பூசிக்கொண்டு வெளியே வந்தான். கண் மட்டும் கறுப்பாக இருந்தது. என்னவோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தவன் அக்காவின் உள்ளங்கையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

அவள் எழுந்தாள்.

"எல்லாக் கயிறையும் நிறுத்துங்க சார்."

"அதான் ஏத்தியாச்சே."

"எல்லாக் குதிரும். என் லிஸ்ட் தப்பு."

"எத்தனை பேர் தப்பு?"

"தெரியலை."

"தெரியலைன்னா?"

"முள்ளைத் திருகினேனா இல்லையான்னு ஞாபகம் இல்லை சார். இவனுக்குத் திருகலை. மத்தவங்களுக்குத் தெரியலை."

சூப்பர்வைசர் அவளையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் சங்குப் பொத்தானை நோக்கி ஓடினார்.

இன்னும் ஐந்து குதிர்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மேல்தளத்து நடைபாதையில் நின்று அவள் எண்ணினாள். முதல் ஆள் வெளியே வந்தான். இரண்டாவது. மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக வந்தார்கள். ஐந்தாவது துளையில் நெடுநேரம் தலையே தெரியவில்லை. அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள், பிடிக்க முடியவில்லை. தம்பி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். பிறகு ஒரு தலை தெரிந்தது. சுரண்டும் கம்பி சிக்கிக்கொண்டதாம். அதைத் திட்டிக்கொண்டே ஏறி வந்தான்.

உடல்நல அறையில் ஈர்க்குச்சியின் கையுறையைக் கத்தரியால் வெட்டி எடுத்தாள். தோலும் கூடவே வந்தது. அவன் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"கை தாங்கலைன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"எப்போ?"

"இறக்கின உடனே."

"அப்புறம் ஏன் கத்தலை?"

"அம்பத்து நாலுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க" என்றான். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. "கைல பலம் இருக்கு, பயத்துலதான் நடுங்குதுன்னு நினைச்சேன். எனக்குத்தான் எப்பவும் பயமாச்சே."

அவள் கட்டுத் துணியைச் சுற்றினாள்.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அறுபத்து மூன்று பேரையும் மறுபடி அளக்க வேண்டும், அது முடியும் வரைதான் அவளுக்கு அங்கே வேலை என்றிருந்தது. கயிறுகள் எல்லாம் பூட்டில் இருந்தன. கடைசிக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள், ஈர்க்குச்சியும் அவனுக்காகக் காத்திருந்த தம்பியும். ஈர்க்குச்சியின் கைத்தோல் ஆறப் பதினோரு நாள் ஆயிற்று.

ஈர்க்குச்சி நாற்காலியில் உட்கார்ந்தான். கைப்பிடியை ஒரு காடி உள்ளே தள்ளினாள். குமிழைத் திருகினாள். மீட்டரை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சிவப்பு எங்க இருக்கு?"

"சைபர்ல."

"அழுத்து."

அவன் பல்லைக் கடித்து அழுத்தினான். எழுதினாள், திருகினாள், காட்டினாள். மறுபடி அழுத்தினான். மூன்று முறையும் முள்ளைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தான்.

"எவ்வளவுக்கா?"

"இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தாறு."

அவன் தலையாட்டினான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"அப்ப அன்னைக்கு அரை மணி நேரம் எதை வெச்சுப் பிடிச்சேன்?"

இருபத்தெட்டு என்று எழுதினாள். தாளில் புள்ளி கீழே இறங்கி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

அடுத்து தம்பி உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. வழக்கமாக அதற்கு ஒரு கேலி சொல்வான். சொல்லவில்லை. மீட்டரைக் கையில் வாங்கினான். அழுத்தாமல் வைத்திருந்தான்.

"அக்கா, திருகிட்டியா?"

திருகியிருந்தாள். இப்போதுதான் திருகினாள், நன்றாக நினைவிருந்தது.

கையை நீட்டி இன்னொரு முறை திருகினாள்.